ஏணி வேண்டாம், ஒரு கதிரை போதும்

போன மாதம் ஒரு தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது. "அண்ணா, எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் ஒண்டு எடுக்கப்போறன். என்ட்ரி லெவல்தான். அதுக்கு எந்த அம்ப் மட்ச் ஆகும்? இப்ப இதை எடுத்துப்போட்டு, பிறகு மெல்ல மெல்ல மேல போகலாம் எண்டு யோசிக்கிறன்."

மேலே என்றால் எங்கே? அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி வசனம் இரண்டு நாளாக என் மண்டைக்குள் நின்றது. ஹெட்போனை இன்னும் வாங்கவில்லை. காதில் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் அதை விற்றுவிட்டு அடுத்ததை வாங்க ஆயத்தமாகிவிட்டான். இந்த மனநிலையை அவனுக்குள் யார் கொண்டுவந்து வைத்தது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவனுக்கான பதிலும் கடைசியில் இருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் நேரே அங்கே போகலாம்.

என்னுடைய நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலைமின் ஹெட்போன் நல்ல சாமான். அதற்கு ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் "என்ட்ரி லெவல்" என்ற சொல்லும் "அதுக்கேற்ற அம்ப்" என்ற சொல்லும் சேர்ந்து ஒரு ஏணியைக் கொண்டுவந்து எங்கட வீட்டுச் சுவரில் சாத்துகின்றன. ஏறத் தொடங்கிய பிறகுதான் தெரியும், அதற்கு உச்சி இல்லை. சென்ஹைசர் 1991 இல் ஓர்ஃபியஸ் என்று ஒரு நிலைமின் ஹெட்போனை வால்வு அம்புடன் வெளியிட்டது. 300 செட்தான் செய்தார்கள். பிறகு அதே நிறுவனம் கொண்டுவந்த எச்.ஈ.1 இன் விலை 50,000 டொலருக்கு மேல். அதை வாங்கினவன்கூட அடுத்த கேபிளைத் தேடிக்கொண்டுதான் இருப்பான். ஆக, ஏணியின் எந்தப் படியில் நிற்பது என்பதில் என்ன இருக்கிறது? ஏறத்தான் வேண்டுமா என்று கேட்போம்.

முதலில் சாமான் என்ன என்று பார்ப்போம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எவருக்கும் இது விளங்கும். சாதாரண ஹெட்போனுக்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு குமிழ். ஓட்டம் சுருளுக்குள் போக, சுருள் அசைந்து குமிழைத் தள்ளும். நிலைமின் ஹெட்போனில் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு மைக்ரோன் தடிப்பில் ஒரு பிளாஸ்டிக் மென்படலம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தலைமயிர் ஒன்று அதைவிடப் பல பத்து மடங்கு தடிப்பு. அந்தப் படலத்துக்கு எப்போதும் ஓர் உயர் அழுத்தம் கொடுத்து ஏற்றம் நிரப்பி வைத்திருப்பார்கள். பாட்டு இரண்டு தட்டுகளிலும் எதிரெதிர் வோல்ற்றளவாக வரும். ஒரு தட்டுத் தள்ள, மற்றது இழுக்கும். படலம் முழுவதும் ஒரே நேரத்தில் அசையும். அவ்வளவுதான். ஒரு கொள்ளளவியைக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறீர்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, தள்ள வேண்டிய பாரம் மிகவும் குறைவு என்பதால் ஒலி தொடங்கும் இடமும் முடியும் இடமும் துல்லியமாகக் கேட்கும். வயலின் வில் நரம்பில் படுகிற அந்த முதல் உரசல், பாடகர் மூச்சை இழுக்கிற சத்தம், இவையெல்லாம் தனியாக எழுந்து நிற்கும். இரண்டு, போனிலோ சாதாரண அம்பிலோ இதைச் செருக முடியாது. நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும், அதோடு படலத்துக்கான நிலையான அழுத்தமும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிலைமின் ஹெட்போனுக்கும் ஒரு பெட்டி கட்டாயம். இந்தக் கட்டாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏணி வியாபாரம் நடக்கிறது.

இந்தச் சாமானை உலகத்துக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம். 1960 இல் எஸ்.ஆர்.-1 என்ற முதல் மாதிரி விற்பனைக்கு வந்தது. அவர்கள் அதை ஹெட்போன் என்றே சொல்வதில்லை, "இயர்ஸ்பீக்கர்" என்பார்கள். 1979 இல் லம்டா என்ற நீள்சதுர வடிவம் வந்தது. பிற்காலத்தில் அவர்களின் மலிவான மாதிரியாகக் கருதப்பட்ட எஸ்.ஆர்.-எல்300 அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1995 இல் பழைய நிறுவனம் மூடப்பட்டு, அடுத்த வருடம் புதிதாகத் தொடங்கியது. 2011 இல் சீனாவின் எடிஃபையர் அதை வாங்கியது. அமெரிக்காவில் மில்வாக்கியைச் சேர்ந்த கொஸ் 1968 இலேயே ஈ.எஸ்.பி.-6 என்று ஒன்றைச் செய்தது. 1990 இல் வந்த அவர்களின் ஈ.எஸ்.பி./950 பல வருடங்களாக ஆயிரம் டொலர் விலையில் இருந்தது. பிறகு அதே அமைப்பு ஈ.எஸ்.பி./95எக்ஸ் என்ற பெயரில் அதனுடைய பெட்டியோடு சேர்த்து 500 டொலருக்கு வந்தது. இந்த இரண்டும்தான் "என்ட்ரி லெவல்" என்று எல்லாரும் கைகாட்டுகிற சாமான்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு காலத்தில் ஆயிரம் டொலருக்கு அந்த நிறுவனத்தின் உச்ச மாதிரியாக விற்கப்பட்ட அமைப்பு, விலை பாதியானதும் "ஆரம்பநிலை" ஆகிவிட்டது. படலம் தடிக்கவில்லை. தட்டு துருப்பிடிக்கவில்லை. மாறினது விலைப்பட்டியலில் அதன் இடம் மட்டும். அப்படியென்றால் "ஆரம்பநிலை" என்ற சொல் ஒலியைப் பற்றிச் சொல்கிறதா, உங்கட பொக்கற்றைப் பற்றிச் சொல்கிறதா?

சரி, இப்போது அம்புக்கு வருவோம். இந்த விஷயத்தில்தான் அதிகமான விசர்க்கதை இருக்கிறது. ஸ்டாக்ஸின் சின்னப் பெட்டி எஸ்.ஆர்.எம்.-252எஸ். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. முன்னால் ஒரு குமிழ், ஒரு துளை, வேறொன்றும் இல்லை. இதைப் பற்றி யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். "அது சும்மா பொம்மை மச்சான். ஹெட்போன் உயிர்ப்பா வராது. பெரிய அம்ப் ஒண்டு போட்டால்தான் அதின்ர உண்மையான முகம் தெரியும்." இதைச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெட்டியைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லி, அது வேதமாகிவிட்டது.

உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். எஸ்.ஆர்.-எல்300 இன் உணர்திறன், நிறுவனமே தருகிற எண்ணின்படி, 100 வோல்ட்டுக்கு 101 டெசிபெல். 252எஸ் பெட்டி அதிகபட்சம் 280 வோல்ட் தரும். 100 இலிருந்து 280 என்பது ஏறத்தாழ 9 டெசிபெல் கூடுதல். ஆக இந்தப் "பொம்மை" 110 டெசிபெல் வரை போகும். அடுத்த படியில் இருக்கிற பெரிய பெட்டி எஸ்.ஆர்.எம்.-353எக்ஸ். விலை இரண்டு மடங்குக்கு மேல். அது 400 வோல்ட் தரும். அது எவ்வளவு கூடுதல்? மூன்றே மூன்று டெசிபெல். அறையில் இருக்கிற ஒருவர் "கொஞ்சம் கூடியிருக்குப் போல" என்று சொல்லுகிற அளவு.

இந்த 110 டெசிபெல் எவ்வளவு என்று யோசியுங்கள். வேலைத்தலங்களுக்கான பாதுகாப்புக் கணக்கொன்றில் 85 டெசிபெலில் 8 மணித்தியாலம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 க்கு 4 மணித்தியாலம், 91 க்கு 2, 94 க்கு 1 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். 109 க்கு வரும்போது இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. உலக சுகாதார நிறுவனமோ பாட்டுக் கேட்பதற்கு இதைவிடக் கடுமையாக, வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணித்தியாலம் என்று எல்லை போடுகிறது. நீங்கள் சராசரி 75 டெசிபெலில் கேட்டு, பாட்டின் உச்சங்கள் அதற்கு மேல் 20 டெசிபெல் எழுந்தாலும் 95 தான். அந்தச் சின்னப் பெட்டிக்கு அது ஒரு வேலையே இல்லை. அதற்கு மேலும் சத்தம் வேண்டுமென்றால் உங்களுக்குத் தேவைப்படுவது அம்ப் இல்லை, காது வைத்தியர்.

உள்ளீட்டுப் பக்கத்தையும் பாருங்கள். அந்தப் பெட்டியில் 100 வோல்ட் வெளியே வர 125 மில்லிவோல்ட் உள்ளே போனால் போதும். 800 மடங்கு பெருக்கம். உங்கட போனில் செருகுகிற சின்ன டொங்கிள் ஒரு வோல்ட் வரை தரும். அதாவது இந்தச் செட்டுக்குத் தனியாக ஒரு டாக் பெட்டி, அதற்கொரு முன் அம்ப், அதற்கொரு மின் வடிகட்டி என்று எதுவுமே கட்டாயம் இல்லை. ஆனால் ஏணிக்காரர்களின் பட்டியலில் இவையெல்லாம் இருக்கும். அம்ப் வாங்கினதும் "இப்ப உங்கட சோர்ஸ்தான் இழுக்குது" என்பார்கள். சோர்ஸ் மாற்றினதும் "கேபிள்" என்பார்கள்.

கேபிளைப் பற்றி ஒரு வேடிக்கை. கொள்ளளவி ஒன்றுக்குப் போகிற வயரும் தன்பாட்டில் கொள்ளளவத்தைக் கூட்டும். வயரோடு சேர்த்து எல்300 இன் கொள்ளளவம் 110 பிக்கோபரட் அளவில். ஸ்டாக்ஸ் வயர்கள் ஏன் தட்டையாக நாடா போல இருக்கின்றன தெரியுமா? உள்ளே இருக்கிற கம்பிகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைத்தால் கொள்ளளவம் குறையும். அதற்காகத்தான். அழகுக்காகப் பின்னின, தடித்த "உயர்தர" வயரையோ நீட்டு வயரையோ வாங்கி மாட்டினால் அம்புக்குச் சுமை கூடத்தான் செய்யும். காசைக் கொடுத்துப் பின்னுக்குப் போவது என்பது இதுதான்.

இப்போது எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். இல்லையென்றால் நானும் அவர்களைப் போலத்தான். பெரிய அம்புக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொள்ளளவிக்கு மீடிறன் கூடக்கூட ஓட்டம் கூடுதலாக வேண்டும். 10 கிலோஹேர்ட்சில் எல்300 இன் தடங்கல் ஏறத்தாழ 145 கிலோஓம். 100 வோல்ட்டுக்கு முக்கால் மில்லியம்பியருக்கும் குறைவு. 20 கிலோஹேர்ட்சில் 280 வோல்ட் முழுதாக வேண்டுமென்றால் நாலு மில்லியம்பியருக்குக் கிட்ட. சின்னப் பெட்டி இந்த இடத்தில் திணறலாம். ஆனால் எந்தப் பாட்டில் 20 கிலோஹேர்ட்சில் முழு வலுவும் இருக்கிறது? இசையின் வலு பெரும்பாலும் கீழேயும் நடுவிலும்தான். எஸ்.ஆர்.-007 போன்ற, தள்ளுவதற்குக் கடினமான உயர்மாதிரியைச் சின்னப் பெட்டியில் போட்டால் ஏமாற்றம்தான், அது உண்மை. அங்கே பெரிய அம்ப் தேவை. ஆனால் தம்பி, நீ வாங்கப்போவது 007 இல்லையே. உச்சத்தில் இருக்கிறவனின் பிரச்சினையை எடுத்துவந்து அடியில் இருக்கிறவனின் தலையில் கட்டுவது ஏன்?

"மட்ச்" என்ற சொல்லில் உண்மையாக இருக்கிற விஷயம் நாலுதான். அதைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று, படல அழுத்தம். ஸ்டாக்ஸின் பழைய மாதிரிகள் 230 வோல்ட், புதியவை 580 வோல்ட். கொஸ் 600 வோல்ட்.

இரண்டு, செருகி. 230 வோல்ட் மாதிரிகளுக்கு 6 முள், 580 க்கு 5 முள். 5 முள் செருகி 6 துளைக்குள் போகும். ஒன்றும் பழுதாகாது, சத்தம்தான் குறையும். ஆனால் 6 முள் செருகியின் நடு முள்ளை வெட்டிவிட்டு 580 வோல்ட் துளைக்குள் தள்ளுகிற வீரச்செயல் வேண்டாம். படலம் தட்டோடு ஒட்டிப்போகலாம். கொஸ்ஸின் செருகி வேறு வடிவம். மாற்றி வயர் ஒன்று இருந்தால் 580 வோல்ட் பெட்டியிலும் வேலை செய்யும். 600 க்கும் 580 க்கும் பெரிய தூரமில்லை.

மூன்று, அதிகபட்ச வோல்ற்றளவு. அதைத்தான் மேலே கணக்குப் பார்த்தோம்.

நாலு, வீட்டு மின்சாரம். இதைத்தான் ஒருவரும் சொல்லுவதில்லை. பழைய செட் மலிவாகக் கிடைப்பது ஜப்பானில். ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட், எங்கடது 230. அங்கிருந்து வந்த அம்பை நேரே சுவரில் செருகினால் புகையைத்தான் கேட்பீர்கள். பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 100 என்றிருந்தால் இறக்கு நிலைமாற்றி கட்டாயம். 252எஸ் போன்ற பெட்டிகள் 12 வோல்ட் அடப்டரில் ஓடுவதால் இந்தத் தலையிடி குறைவு. சரியான 230 வோல்ட் அடப்டர் ஒன்றிருந்தால் முடிந்தது. "பொம்மை"யின் இன்னொரு நன்மை.

இந்த நாலுக்கும் அப்பால் "இந்த அம்ப் தேன் மாதிரி", "அந்த அம்ப் வெல்வெட் மாதிரி", "வால்வு போட்டால் சூடு வரும்" என்று வருவதெல்லாம் கவிதை. கவிதை வாசிக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் கவிதைக்கு நாங்கள் ஆயிரம் டொலர் குடுக்கிறேல்ல.

டொலர் என்றதும் கதை எங்கட ஊருக்கு வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவுக்குக் கிட்ட. மே மாதமளவில் 360. பிறகு 300 அளவில் வந்து நின்றது. 500 டொலர் என்றால் ஒன்றரை இலட்சம். அதற்கு மேல் அனுப்பும் செலவு, அதற்கு மேல் சுங்கம். ஏணியின் ஒவ்வொரு படியும் டொலரில் இருக்கிறது, எங்கட சம்பளம் ரூபாவில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவன் "சும்மா 500 டொலர் கூடப் போட்டு அடுத்த மாதிரியை எடு" என்று சொல்லும்போது அவனுக்கு அது ஒரு கிழமைச் சம்பளமோ என்னவோ. அந்த அறிவுரையை அப்படியே எடுத்து வவுனியாவில் இருக்கிற ஒரு பெடியனுக்குக் கடத்துகிறவருக்கு ஒரு கணம்கூட நெஞ்சு உறுத்தாதா? நான் கோபப்படுவது இதற்குத்தான். சாமானை விற்கிற கொம்பனி காசு பார்க்கிறது, அது அதின்ர தொழில். ஒரு சதமும் வாங்காமல் அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எங்கட ஆட்களைத்தான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும். "இந்த நாட்டில சனம் மாவுக்கும் பருப்புக்கும் கஷ்டப்படுது, உங்களுக்கு 580 வோல்ட் ஹெட்போன் கேக்குதோ?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல ஒலியைக் கேட்கிற ஆசை பணக்காரனுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தில்லை. மோட்டர் சைக்கிளுக்கு ஆறு இலட்சம் கடன் எடுத்தால் ஒருவரும் வர்க்கக் கணக்குக் கேட்பதில்லை. ஐந்து வருடம் சேர்த்து ஒரு ஹெட்போன் வாங்கினால் மட்டும் ஏன் விசாரணை? ஆசை பிரச்சினை இல்லை. ஒருமுறை நிறைவேறக்கூடிய ஆசையை ஒருநாளும் நிறைவேறாத ஆசையாக மாற்றுகிற அந்தப் பொறிதான் பிரச்சினை.

நான் முதன்முதலில் நிலைமின் ஹெட்போன் கேட்டது கொழும்பில் ஒரு ஐயாவின் வீட்டில். எழுபது வயதைத் தாண்டியவர், வேலை நிமித்தம் சில வருடம் ஜப்பானில் இருந்தவர். திரும்பி வரும்போது கொண்டுவந்த பழைய செட் ஒன்று, ஒரு சின்னப் பெட்டியோடு. யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்மனைக் கதிரை. "இரும்" என்றார். இருந்தேன். இளையராஜாவின் 'ஹௌ ட்டு நேம் இட்'. 1986 இல் வந்த இசைத்தொகுப்பு, வீ. எஸ். நரசிம்மனின் வயலின். ஐயா தன்னுடைய கசெட்டிலிருந்து கொம்பியூட்டருக்கு மாற்றி வைத்திருந்தார். வயலின் தொடங்கின நேரம் நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன், யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள் என்று. அதே நேரம் கசெட்டின் இரைச்சலும் மழை மாதிரித் தெளிவாகக் கேட்டது. நல்ல ஹெட்போன் இல்லாததைத் தராது. இருக்கிற நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே தரும்.

பாட்டு முடிந்ததும் கேட்டேன், "ஐயா, இதுக்கு அடுத்ததா என்ன எடுக்கிற யோசினை?" அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த கசெட்டைத்தான் மாத்தவேணும். இன்னும் நாப்பது கிடக்கு" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், அந்த மனுசன் ஏணியைக் கண்டதே இல்லை. அவரிடம் இருந்தது ஒரு கதிரை. இருபது வருடமாக ஒரே கதிரையில் இருந்து வேறு வேறு பாட்டுக் கேட்கிறார். ஏணியில் நிற்கிறவனோ வேறு வேறு சாமானில் ஒரே மூன்று பாட்டைக் கேட்கிறான், வித்தியாசம் தெரிகிறதா என்று. இந்த இரண்டு பேரில் இசை கேட்கிறவர் யார்?

அந்த ஐயாவிடம் கற்ற நடைமுறை விஷயம் சிலதும் உண்டு. ஹெட்போனைக் கேட்டு முடிந்ததும் இறுக்கமான பெட்டி ஒன்றுக்குள் சிலிக்கா ஜெல் பக்கெட்டுகளோடு வைப்பார். எங்கட ஊர் ஈரக்காற்றில் படலத்தின் ஏற்றம் கசியும். ஒரு பக்கம் சத்தம் குறையும், சிலநேரம் கீச்சென்று கத்தும். தூசியும் அப்படித்தான். தலை நனைந்திருக்கும்போது போடமாட்டார். 580 வோல்ட் என்று கேட்டதும் பயப்படுகிறவர்களுக்கு அவர் சொன்னது: படலத்துக்குப் போகிற வழியில் மெகாஓம் கணக்கில் தடை இருக்கிறது, வரக்கூடிய ஓட்டம் மிகச் சிறியது. பெட்டியின் உள்ளுக்குள் இருப்பதுதான் ஆபத்து. மின்சாரத்தைக் கழற்றின பிறகும் கொள்ளளவிகளில் ஏற்றம் நிற்கும். யூடியூப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்காதீர்கள். பாட்டுக் கேட்கப்போய் உயிரை விடுவது மடைத்தனம்.

வாங்கவே கூடாதவர்கள் யார் என்றும் சொல்லவேண்டும். பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கு இது சரிவராது, பெட்டியோடும் சுவரோடும் கட்டிவைத்த சாமான். வீட்டில் மேலே ஃபான், பக்கத்து அறையில் நாடகம், முன்னால் கோயில் ஸ்பீக்கர் என்று இருப்பவர்களுக்கும் வேண்டாம். இது திறந்த அமைப்பு. வெளிச்சத்தம் முழுதாக உள்ளே வரும், உங்கட பாட்டு முழுதாக வெளியே போகும். பறையும் டிரம்மும் நெஞ்சில் வந்து இடிக்கவேண்டும் என்கிறவர்களும் ஏமாறுவார்கள். அடித்தொனி இதில் சுத்தமாக இருக்கும், இடிக்காது. இப்படியானவர்களுக்கு 1997 இலிருந்து செய்துவரும் சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற ஒரு சாதாரண ஹெட்போன் போதும் என்று கூச்சமில்லாமல் சொல்லுவேன். கடன் எடுத்து வாங்குகிறவர்கள் எதையுமே வாங்கவேண்டாம்.

தம்பி, இப்ப உன்ர கேள்விக்கு வாறன்.

இரவில் அமைதியான ஓர் அறை உனக்கு இருக்கிறதா? காசு சேர்த்த காசா? இரண்டுக்கும் ஓம் என்றால் வாங்கு. எஸ்.ஆர்.-எல்300 ஐயும் 252எஸ் பெட்டியையும் சேர்த்து எஸ்.ஆர்.எஸ்.-3100 என்று செட்டாகவே விற்றார்கள். கிடைத்தால் அதை எடு. கொஸ் 95எக்ஸ் தன் பெட்டியோடு மலிவாக வந்தால் அதுவும் சரி. தனி ஹெட்போன் மட்டும் கிடைத்தால், சீனாவின் டொப்பிங் செய்த ஈ.எச்.ஏ.5 மாதிரி ஒரு சின்ன 5 முள் அம்ப் போதும். இந்தியாவில் கால்டாஸ் ரிசேர்ச் என்ற சிறு நிறுவனமும் ஆர்.ஆர்.1 கொன்குவெஸ்ட் என்று ஒன்றைச் செய்திருக்கிறது. ஸ்டாக்ஸும் கொஸ்ஸும் மட்டும்தான் உலகம் என்று நினைக்காதே. பழைய செட் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம் வருகிறதா என்று விற்கிறவரைக் கொண்டு பார்க்கச் சொல்லு. முள்ளை எண்ணு. அம்பின் பின்னால் எழுதியிருக்கிற வோல்ட்டை வாசி. போனில் இருக்கிற டொங்கிளோடு தொடங்கு, அதோடேயே நில்லு.

பிறகு "என்ட்ரி லெவல்" என்ற சொல்லை மறந்துவிடு. உன்னிடம் ஆராவது வந்து "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்கு ஒரு நல்ல அம்ப் போட்டால்..." என்று தொடங்கினால், எத்தனை வோல்ட், எத்தனை மில்லியம்பியர், எத்தனை டெசிபெல் கூடும் என்று கேள். பதில் எண்ணாக வந்தால் இருந்து கதை. தேனும் வெல்வெட்டும் வந்தால் ஹெட்போனைத் திரும்பக் காதில் போடு.

கையில் மிஞ்சுகிற காசுக்கு ஒரு நல்ல கதிரை வாங்கு. சாய்கிற மாதிரிப் பார்த்து எடு. அப்பாவின் பழைய கசெட்டுகள் வீட்டில் கிடந்தால் எறிய விடாதே. எல்லாம் ஆயத்தமானதும் ஒரு மெசேஜ் போடு. நானும் சிலிக்கா ஜெல் பக்கெட் ரெண்டோட வாறன், இருந்து கேப்பம்.